உள்ளிருந்து தோண்டிய வழி

மென்பொருள் எழுதுவோரின் அன்றாடப் பேச்சில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பது ஏறத்தாழ ஓர் ஊர்ப்பெயராகவே வழங்கிவருகிறது. ஒரு கணினி தன்னைத்தானே அழைத்துக்கொள்வதற்கென்று ஒதுக்கப்பட்ட 127.0.0.1 என்னும் முகவரியின் பெயர் அது. புதிதாக எழுதிவரும் இணையதளத்தை ஊரறியத் திறப்பதற்கு முன் நிரலாளர் தம் மடிக்கணினியிலேயே இயக்கிப் பார்க்கும் சிறு சர்வர், அதாவது கேட்பவருக்குப் பக்கங்களை எடுத்துத் தரும் நிரல், பெரும்பாலும் அந்த முகவரியில்தான் 3000, 8000, 8080 போன்ற ஏதேனும் ஒரு போர்ட்டில் காத்திருக்கிறது. போர்ட் என்பது, ஒரே கணினியில் இயங்கும் பல நிரல்களுள் எதற்கு வந்த அழைப்பு என்று பிரித்தறிய உதவும் கதவிலக்கம். எல்லாக் கணினிகளுக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரி ஒன்றே என்பதால் அதை வெளியிலிருந்து அழைக்க எவராலும் இயலாது. அங்கே காத்திருக்கும் சர்வரைச் சில நிமிடங்களுக்கோ சில நாட்களுக்கோ உலகின் எந்த மூலையிலிருந்தும் அணுகத்தக்கதாக்கும் கருவிகளே டனல் கருவிகள், தமிழில் சொன்னால் சுரங்கக் கருவிகள்.

இவற்றை அண்மைக்காலக் கண்டுபிடிப்புகளாகக் கருதும் வழக்கம் இருந்தாலும், இணையம் தொடக்கத்தில் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதை நோக்கினால், இவற்றைப் பழுதுபார்ப்பு வேலை என்று கொள்வதே பொருத்தமாகும். 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 791 என்னும் ஆவணம் இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பை வரையறுத்தது. ஆர்எஃப்சி என்பது, இணையம் இயங்கும் விதிகளைப் பொறியாளர்கள் எண்ணிட்டுப் பதிவுசெய்துவரும் ஆவண வரிசை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் வளர்ந்த ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று இந்நெறிமுறைக்கு மாறியபோது, வலையில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் 32 பிட் நீளமுள்ள தனி முகவரி ஒன்று இருந்தது. முகவரி பெற்ற எந்தக் கணினியும் வேறு எந்தக் கணினியையும் அழைக்கலாம், அதே முகவரியில் அழைக்கப்படவும் செய்யலாம். கேட்பவர், கொடுப்பவர் என்னும் வேறுபாடு அந்தந்த நேரத்தில் இயங்கிய நிரலைப் பொறுத்ததாக இருந்ததே தவிர, முகவரியிலோ கம்பியிலோ எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே ஒருவர் தம் மேசைக் கணினியில் இயக்கிய சர்வரை வெளியுலகுக்குக் காட்டுவது எப்படி என்ற கேள்வியே அன்று எழ வழியில்லை.

அந்நிலை மாறியதற்கு முதற் காரணம் கணக்கு. 32 பிட்டுகளால் எழுதக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடிதான். அவையும் தொடக்கத்தில் பெரும்பெரும் தொகுதிகளாக, கேட்ட நிறுவனங்களுக்கெல்லாம் தாராளமாக வழங்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் இணையம் பல்கலைக்கழகங்களைத் தாண்டி வணிகத்துக்குள் நுழைந்ததும் முகவரிப் பஞ்சம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. 1994 மார்ச்சில் வெளிவந்த ஆர்எஃப்சி 1597, நிறுவனங்கள் தம் சுவர்களுக்குள் மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கிவைத்தது. அவற்றுள் மிகப் பெரியதான 10 என்னும் எண்ணில் தொடங்கும் தொகுதி ஒருகாலத்தில் ஆர்ப்பாநெட்டுக்கே உரியதாயிருந்து, 1990இல் அந்த வலை மூடப்பட்டபின் உரியவர் இன்றிக் கிடந்த மனை. எவரும் எவரையும் அழைக்கலாம் என்று காட்டிய முதல் வலையின் முகவரியே, வெளியிலிருந்து அழைக்க முடியாத உள்முகவரிகளுக்குப் பெயர்போன இடமாக மாறியது இணைய வரலாற்றின் வினோதங்களுள் ஒன்று.

இந்த ஒதுக்கீடு எதிர்ப்பின்றி நடந்துவிடவில்லை. அதே ஆண்டு ஜூலையில் வெளியான ஆர்எஃப்சி 1627, 10ஆம் எண் வலையைத் தனியார் பயன்பாட்டுக்கு விடுவது தீங்கு பயக்கும் என்று தலைப்பிலேயே அறிவித்தது. உலகெங்கும் ஒரு முகவரிக்கு ஒரே கணினி என்ற அடிப்படை குலைந்துபோகும் என்பது அதன் வாதம். ஆனால் 1996 பிப்ரவரியில் இன்றும் நடைமுறையிலுள்ள ஆர்எஃப்சி 1918 வெளிவந்தபோது, எதிர்ப்பு ஆவணத்தை எழுதியவர்களுள் ஒருவரான எலியட் லியர் அதன் ஆசிரியர் பட்டியலில் இடம்பெற்றிருந்தார். கொள்கையில் நியாயம் எதிர்த்தவர்கள் பக்கம் இருந்தது. முகவரிகள்தாம் அவர்கள் பக்கம் இல்லை.

உள்முகவரி கொண்ட கணினி வெளியுலகோடு பேசுவதற்கு இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. 1994 மே மாதம் கெல் ஏகேவாங், பால் ஃபிரான்சிஸ் ஆகிய இருவர் எழுதிய ஆர்எஃப்சி 1631 அதற்கு ‘நாட்’ என்னும் முறையை முன்வைத்தது. இன்று வீடுதோறும் இருக்கும் ரவுட்டர் செய்யும் வேலை அதன் வளர்ந்த வடிவமே: 192.168.1.5 என்னும் உள்முகவரியிலுள்ள மடிக்கணினி வெளியே ஒரு சர்வரை அழைக்கும்போது, ரவுட்டர் அந்தத் தரவுப் பொதியில் அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டு, சேவை நிறுவனம் தனக்குத் தந்த பொது முகவரியையும் ஒரு போர்ட் எண்ணையும் எழுதி, இன்ன எண்ணுக்கு வரும் பதில் இன்ன கணினிக்கு உரியது என்று தன் நினைவகத்தில் ஒரு வரி குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்து உரிய கணினிக்குத் தள்ளிவிடுகிறது. குறிப்பு ஏதுமில்லாமல் வெளியிலிருந்து தானாக வந்து நிற்கும் பொதியை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாததால் கீழே போட்டுவிடுகிறது. வெளியே செல்வதற்கு இருந்த வழி உள்ளே வருவதற்கு இல்லாமற்போனது இந்த ஒரு சிறு கணக்கேட்டினால்தான். முகவரியின் இருமுனைப் பொருள் இம்முறையால் கெட்டுப்போகும் என்பதை அதை முன்மொழிந்தவர்களே மறைக்கவில்லை. நீண்டகாலத் தீர்வு வரும்வரை தாங்கக்கூடிய குறுகியகால ஏற்பாடாகவே அவர்கள் அதைக் கருதினர். அந்தக் குறுகிய காலம் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

இரண்டாவது காரணம் அச்சம். 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய புழு நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளுக்குத் தானே பரவி அவற்றை முடக்கியபின், அந்நியர் அழைப்பை எல்லாம் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் நாகரிகமாக அன்றி அசட்டுத்தனமாகப் பார்க்கப்படலாயிற்று. ஃபயர்வால் எனப்படும் தடுப்பு, அதாவது எந்தப் பொதி உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று விதிகளின்படி சலித்தெடுக்கும் கருவி, 1990களில் நிறுவனங்களின் வாசலில் காவலாக நின்றது. உள்ளிருந்து புறப்படுவது நம்பத்தக்கது, வெளியிலிருந்து வருவது ஐயத்துக்குரியது என்னும் எளிய விதியே பெரும்பாலான இடங்களில் நடைமுறையானது. முகவரிப் பஞ்சத்தால் தற்செயலாக எழுந்த சுவரும் அச்சத்தால் திட்டமிட்டு எழுப்பிய சுவரும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டதால், இரண்டையும் ஒன்றென மயங்கும் வழக்கம் பொறியாளர்களிடையேயும் இன்றுவரை நீடிக்கிறது.

சுவருக்கு வழி கண்ட நுட்பம், வேறொரு தேவைக்காகப் பின்லாந்தில் பிறந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் 1995இல் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரலை வைத்துக் கடவுச்சொற்களைத் திரட்டிவிட, அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென், தொலைவிலுள்ள கணினியில் மறையாக்கத்தோடு உள்நுழைவதற்கான எஸ்எஸ்எச் என்னும் நெறிமுறையையும் நிரலையும் எழுதி அவ்வாண்டு ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். கோப்புகளை அனுப்பும் எஃப்டிபியின் 21, தொலை உள்நுழைவுக்கான டெல்நெட்டின் 23 என்னும் இரு பழைய போர்ட்டுகளுக்கு நடுவே காலியாகக் கிடந்த 22ஐ அவர் கேட்டு வாங்கிக்கொண்டதும் அப்போதுதான். அந்த முதல் வெளியீட்டின் அறிவிப்பிலேயே, மறையாக்கம் செய்த இணைப்பின் ஊடாக வேறு எந்தப் போர்ட்டையும் இரு திசைகளிலும் திருப்பிவிடலாம் என்பதும் ஒரு வசதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு நெறிமுறையின் பொதிகளை மற்றொன்றின் உறைக்குள் இட்டு எடுத்துச்செல்வதைச் சுரங்கம் என்று அழைப்பது அதற்கு முன்பே வழக்கிலிருந்த உவமை.

இருதிசைகளுள் பின்னோக்கிய திசைதான் இவ்வரலாற்றுக்கு உரியது. சுவருக்கு உள்ளே இருக்கும் மடிக்கணினி, பொது முகவரி கொண்ட தொலைவுக் கணினி ஒன்றைத் தானே எஸ்எஸ்எச் வழியாக அழைத்து, ‘உன்னிடம் இன்ன போர்ட்டில் யார் வந்து கதவைத் தட்டினாலும் அவர்களை இந்த இணைப்பின் வழியாக என்னிடம் அனுப்பு’ என்று கேட்டுக்கொள்கிறது. அழைத்தது உள்ளே இருப்பவர் என்பதால் ரவுட்டரின் கணக்கேட்டில் உரிய வரி விழுந்துவிடுகிறது. ஃபயர்வாலும் உள்ளிருந்து புறப்பட்டதென்று விட்டுவிடுகிறது. அழைப்பு ஒருமுறை இணைந்தபின் அதன்மீது இருபுறமும் பேச எந்தத் தடையுமில்லை. பூட்டிய வீட்டுக்குள் வெளியாரால் நுழைய முடியாது, ஆனால் உள்ளே இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் தாழ் திறக்கலாம் என்பதைத் தவிர இதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. பின்னர் வந்த சுரங்கக் கருவிகள் அனைத்தும், பெயரும் விலையும் எதுவாயினும், இந்த ஒற்றை உத்தியின் வழித்தோன்றல்களே. எனினும் ஏறத்தாழ பத்தாண்டுகள் அது கணினி நிர்வாகிகளின் கைவினையாகவே இருந்தது. அதற்குச் சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு பொதுக் கணினி வேண்டும். அதன் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் வெளியார் வருவதற்கான அனுமதியைத் தனியே இயக்க வேண்டும். அந்த வரியை மறந்துவிட்டு, சுரங்கம் திறந்தும் பக்கம் வரவில்லையே என்று பொழுதைக் கழிக்காத நிர்வாகி அரிது.

இணையதளம் எழுதுவோர்க்கு அதன் தேவை உடனே எழாததற்குக் காரணம் இருந்தது. எழுதிய பக்கங்களைச் சொந்தக் கணினியில் பார்த்துத் திருத்தி, முடிந்ததும் எஃப்டிபி வழியாகப் பொதுச் சர்வருக்கு ஏற்றிவிடுவதே நெடுங்கால வழக்கம். பார்க்க வருபவர் மனிதராக இருந்தவரை, வேலை முடியும் மட்டும் அவரைக் காத்திருக்கச் சொல்லலாம். பார்க்க வருவது மற்றொரு சர்வர் என்றானபோதுதான் நிலை மாறியது. பணம் செலுத்தப்பட்டதை வணிகரின் தளத்துக்குத் தானே வந்து தெரிவிக்கும் பேபாலின் ஏற்பாடு போன்றவை முன்பே இருந்தன. 2007 மே 24 அன்று ஃபேஸ்புக் தன் மேடையைப் பிறர் எழுதும் செயலிகளுக்குத் திறந்துவிட்டது இத்தேவையைப் பரவலாக்கியது. அன்றைய ஃபேஸ்புக் செயலியின் பக்கத்தை ஒருவர் திறந்தால், ஃபேஸ்புக்கின் சர்வர் செயலி எழுதியவரின் சர்வரை அழைத்து உள்ளடக்கத்தைப் பெற்று, அதைத் தன் பக்கத்துக்குள் பொதிந்து காட்டியது. ஃபேஸ்புக்கின் சர்வரால் எவருடைய லோக்கல்ஹோஸ்ட்டையும் அழைக்க இயலாது என்பதால், ஒரே ஒரு வரியைத் திருத்திப் பார்ப்பதற்குக்கூட முழு நிரலையும் பொதுச் சர்வரில் ஏற்ற வேண்டியதாயிற்று.

ரூபி மொழியின் ரெயில்ஸ் கட்டமைப்பில் ஃபேஸ்புக் செயலிகள் எழுத உதவிய ‘ஃபேஸ்புக்கர்’ என்னும் துணைநிரல் இந்த இடைக்காலத்தின் நல்ல சான்று. அதன் அமைப்புக் கோப்பில் சுரங்கத்துக்கென்றே ஒரு பகுதி இருந்தது. பொதுக் கணினியின் பெயர், அங்கே நுழைவதற்கான பயனர் பெயர், பொதுப்புறத்தில் 4007, மடிக்கணினியில் 3000 என்று போர்ட்டுகளை நிரப்பிவிட்டு ஒற்றைக் கட்டளை கொடுத்தால், அது எஸ்எஸ்எச்சின் பின்னோக்கிய சுரங்கத்தைத் தானே திறந்துகொடுத்தது. நிர்வாகியின் கைவினை நிரலாளரின் கருவிப்பெட்டிக்குள் இறங்கிவந்த கட்டம் இது. பொதுக் கணினியை மட்டும் இன்னும் அவரவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தக் குறையை நிரப்பியவர் ஜெஃப் லிண்ட்சே. ஒரு சேவையில் ஏதேனும் நிகழ்ந்தவுடன் அது முன்கூட்டிப் பதிந்துவைத்த இணைய முகவரிக்குத் தானே செய்தி அனுப்பும் முறைக்கு ‘வெப்ஹுக்’ என்று 2007இல் பெயரிட்டு, அதற்காக ஊர் ஊராகப் பேசிவந்தவர் அவர். வெப்ஹுக்கைப் பெறுவதற்கு அழைக்கத்தக்க முகவரி வேண்டும், நிரலாளரின் மேசையில் அது இல்லை என்னும் முட்டுக்கட்டையைப் பிறரைவிட அவர் முன்னதாக எதிர்கொண்டது இயல்பே. 2010இல் அவர் வெளியிட்ட ‘லோக்கல்டனல்’, பொதுச் சர்வரைத் தானே நடத்தி எவரும் இலவசமாகப் பயன்படுத்த விட்டது. தம் எஸ்எஸ்எச் பொதுத்திறவியை முதல்முறை மட்டும் ஏற்றிவிட்டு, கட்டளையின் பின்னால் போர்ட் எண்ணைக் குறிப்பிட்டால், எழுத்தும் எண்ணும் கலந்த சிறு முன்னொட்டுடன் ஒரு முகவரி திரையில் வந்து விழுந்தது. அதை யாருக்கு அனுப்பினாலும் அவர் காண்பது அனுப்பியவரின் மடிக்கணினியில் ஓடும் தளம்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஐஸ்லாந்தைச் சேர்ந்த பியார்னி ரூனர் எயினார்சன் உருவாக்கிய ‘பேஜ்கைட்’ வேறொரு நோக்கத்தோடு அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. நிரலாளரின் சோதனை வசதி அதன் முதல் அக்கறை அன்று. தம் வீட்டுக் கணினியிலிருந்தே எவரும் நிரந்தரமாகத் தளம் நடத்த முடிய வேண்டும், பெருநிறுவனங்களின் சர்வர்களில் குடியிருக்க வேண்டியதில்லை என்பதே அவர் விரும்பியது. வரலாறு லோக்கல்டனலின் வழியில் சென்றதால், தற்காலிகத் தேவைக்கான கருவி பெரும்தொழிலாக வளர, நிரந்தர உரிமைக்கான கருவி ஒரு சிறு வட்டத்துக்குள் நின்றுவிட்டது. இழந்ததை மீட்பது என்ற பொருளில் பார்த்தால் இரண்டில் பேஜ்கைட்டே மூலநோக்கத்துக்கு நெருக்கமானது.

தொலைபேசி அழைப்புகளை நிரல்வழி நடத்த உதவும் ட்விலியோ நிறுவனத்தில் லிண்ட்சே பணியாற்றியிருந்தார். அங்கே பணியாற்றிய மற்றொருவர் ஆலன் ஷ்ரீவ். ட்விலியோ எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தால், அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க நிறுவனத்தின் சர்வர் நிரலாளரின் முகவரியை அழைக்கிறது. ஆதலால் முகவரி இல்லாத சங்கடம் அங்கு அன்றாடம். ஷ்ரீவ், அப்போது புதிதாயிருந்த கோ மொழியைக் கற்கும் முயற்சியாக, லோக்கல்டனலை முன்மாதிரியாகக் கொண்டு எழுதி 2013இல் வெளியிட்டதே ‘என்கிராக்’. பழைய கருவியை நிறுவ ரூபியும் அதன் துணைநிரல்களும் ஒழுங்காக இருக்க வேண்டும். கோ மொழியில் எழுதிய என்கிராக்கோ இறக்கி இயக்கினால் போதுமான ஒற்றைக் கோப்பு. அதன் உண்மையான கவர்ச்சி வேறிடத்தில் இருந்தது. மடிக்கணினியின் 4040ஆம் போர்ட்டை உலாவியில் திறந்தால், சுரங்கத்தின் வழியே வந்த ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குச் சென்ற பதிலும் தலைப்பு வரிகளோடு அப்படியே பட்டியலாகத் தெரியும். அதனருகிலிருக்கும் ஒரு பொத்தானை அழுத்தினால், வந்த கோரிக்கை மீண்டும் ஒருமுறை சர்வருக்கு அனுப்பப்படும். பணம் செலுத்தும் சேவையின் வெப்ஹுக்கைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் போலியாக ஒரு பொருளை வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒரே அழைப்பைப் பிழை தீரும்வரை திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் இந்த வசதி சுரங்கத்தைவிடப் பெரிதாகப்பட்டதில் வியப்பில்லை.

ஒரே பொதுச் சர்வர் ஆயிரக்கணக்கான மடிக்கணினிகளுக்கு ஒரே நேரத்தில் வாசலாக இருக்க முடிவது எப்படி என்பதற்கு விடை, 1997 ஜனவரியில் ஆர்எஃப்சி 2068 வழியாக வந்த, உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையை வகுக்கும் எச்டிடிபி 1.1 விதிகளில் உள்ளது. முகவரிப் பஞ்சத்தைச் சமாளிக்க, உலாவி தான் எந்தத் தளத்தைக் கேட்கிறது என்பதை ஒவ்வொரு கோரிக்கையிலும் ‘ஹோஸ்ட்’ என்னும் தலைப்பு வரியில் எழுதியே ஆகவேண்டும் என்று அவ்விதிகள் கட்டாயமாக்கின. அதனால் பல தளங்கள் ஒரே ஐபி முகவரியில் குடியிருக்க முடிந்தது. சுரங்கச் சேவை ஒவ்வொரு பயனருக்கும் தன் டொமைன் பெயரின் முன்னால் ஒரு தனி முன்னொட்டைத் தந்து, அம்முன்னொட்டு எதுவாயினும் தன்னிடமே வந்துசேருமாறு பெயர்ப்பதிவைச் செய்துவைக்கிறது. கோரிக்கை வந்ததும் ஹோஸ்ட் வரியைப் படித்து, அந்தப் பெயருக்குரிய மடிக்கணினி முன்பே திறந்துவைத்த நீண்ட இணைப்பைத் தேடி, அதன் உள்ளே ஒரு புதிய இழையாக அதை அனுப்புகிறது. பேச்சின்றிக் கிடக்கும் இணைப்பை ரவுட்டர்கள் கணக்கேட்டிலிருந்து நீக்கிவிடும் என்பதால் மடிக்கணினி சிறு இடைவெளிகளில் வெற்றுச் செய்திகளை அனுப்பி இணைப்பை உயிரோடு வைத்திருக்கிறது. நிலைபெற்ற இணைப்பைக் குறைந்தது 2 மணி 4 நிமிடமாவது மறக்கக் கூடாது என்று 2008இன் ஆர்எஃப்சி 5382 கூறினாலும், அதைப் பொருட்படுத்தாத ரவுட்டர்கள் ஏராளம்.

இதற்கிடையே சுவர் இன்னும் உயர்ந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று உலக முகவரிக் கிடங்கின் கடைசி ஐந்து பெருந்தொகுதிகளும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுக் கிடங்கு காலியானது. 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598, சேவை நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர் பலருக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக 100.64 என்று தொடங்கும் ஏறத்தாழ 42 லட்சம் முகவரிகளைத் தனியே ஒதுக்கியது. அதுவரை வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டு, மாறிக்கொண்டேயிருக்கும் முகவரிக்கு ஒரு நிலையான பெயரைத் தரும் சேவையையும் சேர்த்துக்கொண்டால், சற்றுச் சிரமத்தோடு வெளியாரை வரவேற்க முடிந்தது. ‘நாட்’ ஒன்றுக்குப் பின்னால் மற்றொரு ‘நாட்’ வந்துவிட்டபின் வீட்டிலிருப்பவர் திறக்கக்கூடிய கதவு தெருவுக்குத் திறப்பதில்லை, மற்றொரு தாழ்வாரத்துக்கே திறக்கிறது. கைபேசி வலைகளில் இணையம் பெறுவோர்க்கு இதுவே பெரும்பாலும் நிலைமை. சுரங்கக் கருவிகள் வசதி என்னும் நிலையைத் தாண்டி, எஞ்சிய ஒரே வழி என்னும் நிலையை அடைந்தது இதனால்தான்.

எஞ்சிய வழிக்குச் சுங்கச்சாவடி வராமலிருக்குமா? என்கிராக்கின் முதல் பதிப்பு திறந்த மூலநிரலாக இருந்தது. 2015இல் வந்த இரண்டாம் பதிப்பின் நிரல் மூடப்பட்டு, நிலையான பெயரும் பிற வசதிகளும் கட்டணத்துக்கு உரியவையாயின. கட்டணம் செலுத்தாதவருக்கு ஒவ்வொரு முறையும் புதிய முகவரி வாய்த்ததால், வெப்ஹுக் பதிந்துவைத்த இடங்களிலெல்லாம் காலையில் அதை மாற்றி எழுதுவதே பலருக்கு நாளின் முதல் வேலையாக இருந்தது. 2022 டிசம்பரில் என்கிராக் நிறுவனம் 5 கோடி டாலர் முதலீடு பெற்றது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018இல் கட்டணச் சேவையாகத் தொடங்கிய தன் சுரங்கத்தை 2021இல் பெயர்மாற்றி இலவசமாக்கியது. சீனத்திலிருந்து வந்த எஃப்ஆர்பி என்னும் திறந்த நிரல், பொதுக் கணினியைத் தாமே வைத்துக்கொள்ள விரும்புவோரிடம் பரவியது. 2023இல் மைக்ரோசாஃப்ட் தன் நிரல் எழுதும் கருவிகளுக்குள்ளேயே இவ்வசதியைச் சேர்த்துவிட்டது. இவற்றுள் பலவற்றில், உலாவியிலிருந்து வரும் மறையாக்கம் இடையிலுள்ள சேவையின் சர்வரிலேயே பிரிக்கப்படுகிறது என்பதால், போவதையும் வருவதையும் படிக்க அச்சேவையால் இயலும். 2022 நவம்பரில் டெயில்ஸ்கேல் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘ஃபன்னல்’, உறையின் மேலுள்ள பெயரை மட்டும் பார்த்துவிட்டு உறையைப் பிரிக்காமலே பயனரின் கணினிக்குத் தள்ளிவிடும் முறையைக் கையாண்டது. பேஜ்கைட்டும் அத்தகைய வழியை முன்பே வைத்திருந்தது. எவரிடமும் கேட்காமல் எவரையும் அழைக்கலாம் என்றிருந்த வலையில், அழைக்கப்படும் தகுதி மாதவாடகைக்குத் திரும்பி வந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

சுரங்கம் இருபுறமும் திறந்தது என்பதை மறந்தவர்கள் இழந்ததும் உண்டு. சோதனைச் சர்வர், தன்னை அழைப்பவர் தன் உரிமையாளரே என்ற நம்பிக்கையில் எழுதப்படுவது. பிழை நேர்ந்தால் நிரலின் உட்பகுதியைத் திரையில் காட்டும், சில கட்டமைப்புகளில் அந்தப் பிழைப் பக்கத்திலிருந்தே கட்டளைகளை இயக்கவும் விடும். பேட்ரியன் நிறுவனத்தின் தரவு 2015இல் களவுபோனபோது, பிழைதிருத்த நிலையில் இயங்கிய அதன் தளத்தின் பதிப்பொன்று பொதுவெளியில் தெரியுமாறு இருந்ததே திருடர் நுழைந்த வழி என்று அந்நிறுவனம் அறிவித்தது. அங்கே திறந்துகிடந்தது சுரங்கம் அன்று என்றாலும், சுரங்கம் வழியாக எவர் மடிக்கணினியும் அதே நிலையை அடையலாம். கட்டமைப்புகள் பின்னர் ஹோஸ்ட் வரியைச் சரிபார்க்கத் தொடங்கின: ஜாங்கோ 2013இலும், ரெயில்ஸின் ஆறாம் பதிப்பு 2019இலும் அறியாத பெயரோடு வரும் கோரிக்கையைத் தள்ளிவிடும் விதியைக் கொண்டுவந்தன. முதன்முதலாகச் சுரங்கம் திறப்பவர் தம் தளத்துக்குப் பதிலாக ஹோஸ்ட் செல்லாது என்ற ஒற்றை வரியைக் கண்டு கருவிமேல் குறைப்படுவது வழக்கம். தடுத்தது அவருடைய சொந்தச் சர்வரே. மறுபக்கம், மோசடிப் பக்கங்களை நடத்துவோரும், ஊடுருவிய வலைக்குள்ளிருந்து வெளியே வழி வைத்துக்கொள்ள விரும்புவோரும் இதே கருவிகளை எடுத்தாண்டதால், தாக்குதல் உத்திகளைத் தொகுக்கும் மைட்டர் அமைப்பின் பட்டியலில் என்கிராக் இடம்பெற்றது. பல நிறுவனங்கள் தம் வலைகளில் அதன் பெயரையே தடுத்துவைத்துள்ளன. உள்ளிருந்து புறப்படுவது நம்பத்தக்கது என்ற பழைய விதியின் விலையை அவை இப்போது செலுத்துகின்றன.

ஆர்எஃப்சி 1631 எதிர்பார்த்த நீண்டகாலத் தீர்வு வராமலில்லை. 128 பிட் முகவரிகளைக் கொண்ட, இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்பின் முதல் வரையறை 1995 டிசம்பரிலேயே வெளிவந்தது. முகவரிப் பஞ்சம் என்ற சொல்லுக்கே அதில் இடமில்லை, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கிறது. அம்முகவரியோடு வரும் வீட்டு ரவுட்டர்கள், எவரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் அழைப்புகளை எவ்வாறு சலித்துத் தடுக்க வேண்டும் என்பதை 2011 ஜனவரியின் ஆர்எஃப்சி 6092 விரிவாக வகுத்துரைத்தது. முகவரி திரும்பி வந்துவிட்ட வீடுகளிலும் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கிறது. அங்கிருக்கும் நிரலாளரும் தம் 3000ஆம் போர்ட்டை வெளியே காட்டுவதற்கு இன்னும் சுரங்கமே தோண்டுகிறார்.